பத்தாவதுக்குப் பின் எந்தக் குரூப்? நான்கு சோதனைகளும் ஒரு மார்க் ரெஜிஸ்டரும்

ஜனவரி பிறந்தால் போதும், தனியார் பள்ளிகளின் ஆபீஸ் ரூமில் கெரியர் டெஸ்ட் விற்பவர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மாதிரி அறிக்கை தடிமனாக இருக்கும். வண்ண வண்ண வரைபடங்கள், கடைசிப் பக்கத்தில் "உங்கள் குழந்தைக்கு ஏற்ற படிப்புகள்". ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று விலை சொல்வார்கள், வகுப்பு மொத்தத்துக்கும் எடுத்தால் குறைப்பார்கள். தலைமையாசிரியருக்கோ வேறு கவலை. பத்தாவது முடித்த பிள்ளைகளை பயோ-மேத்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ், காமர்ஸ், தொழிற்கல்வி என்று பிரித்தாக வேண்டும். கேட்ட குரூப் கிடைக்காத பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். கையில் ஒரு ரிப்போர்ட் இருந்தால் பேச வசதி. அந்த வசதிக்குத்தான் பாதி விற்பனை நடக்கிறது.

நான் பள்ளிகளில் மாணவர் ஆலோசகராக வேலை பார்ப்பவன். எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு வாய்மொழியாகச் சொல்லிவருவதை இங்கே எழுதுகிறேன். சந்தையில் அதிகம் புழங்குவது நான்கு: கைரேகை பார்க்கும் டிஎம்ஐடி, பதினாறு வகை ஆளுமை சொல்லும் எம்பிடிஐ, ஆப்டிட்யூட் டெஸ்ட் என்கிற நாட்டமறி தேர்வு, ஆர்வப் பட்டியல். ஐந்தாவதாகப் பள்ளி பீரோவிலேயே ஒன்று கிடக்கிறது, மார்க் ரெஜிஸ்டர். அதை யாரும் போட்டியில் சேர்ப்பதில்லை. நான் சேர்க்கிறேன்.

எந்த உளவியல் சோதனையிடமும் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு. இதே பிள்ளை அடுத்த மாதம் மறுபடி எழுதினால் ஏறத்தாழ இதே முடிவு வருமா? அது நம்பகத்தன்மை. வந்த முடிவு நாம் எடுக்கப்போகும் தீர்மானத்துக்கு உண்மையிலேயே உதவுமா? அது ஏற்புடைமை. பி.எட். படித்த எல்லாரும் இரண்டையும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவர்கள்தான். வாங்கும் நேரத்தில் முதலாவது மட்டும் நினைவில் நிற்கிறது, ஏனென்றால் அதற்கு விடை ஒற்றை எண்ணாக வந்துவிடுகிறது. பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை ஒரு அளவு. உளவியல் அளவீட்டு வல்லுநர் நனலி 1978-ல் எழுதிவைத்த கணக்கை இன்றும் பலர் பின்பற்றுகிறார்கள்: தொடக்கநிலை ஆராய்ச்சிக்கு 0.70 போதும், ஒரு தனி ஆளைப் பற்றி முக்கியமான முடிவெடுக்க 0.90-ஆவது வேண்டும், 0.95 இருந்தால் நல்லது.

ஏற்புடைமை அப்படி ஒரு எண்ணில் அடங்காது. அமெரிக்காவின் மூன்று தொழில்முறை அமைப்புகள் சேர்ந்து வெளியிடும் சோதனைத் தரவிதிகள் (2014 பதிப்பு) இதைத் தெளிவாகவே சொல்கின்றன. ஒரு சோதனையின் மதிப்பெண்ணை எந்தக் காரியத்துக்கு, எப்படிப் பொருள் கொள்கிறோமோ அதற்குத்தான் ஏற்புடைமை உண்டு. சோதனைக்கென்று தனியாகக் கிடையாது. ஆகவே "இது வேலிடேட் பண்ண டெஸ்ட் சார்" என்று ஒருவர் சொன்னால் அது பாதி வாக்கியம். எதற்கு, எந்தப் பிள்ளைகளிடம் என்ற மீதிப் பாதியைக் கேட்டு வாங்க வேண்டும்.

டிஎம்ஐடியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பத்து விரலையும் ஸ்கேன் செய்து, ரேகைகளின் வடிவையும் எண்ணிக்கையையும் வைத்து, மூளையின் எந்தப் பகுதி வலுவானது, எட்டு வகை அறிவில் எது எத்தனை சதவீதம் என்று அச்சடித்துக் கொடுப்பது. நம்பகத்தன்மையில் இதை அடிக்க ஆளே இல்லை. விரல் ரேகை தாய் வயிற்றில் ஏறத்தாழ ஆறாம் மாதத்துக்குள் உருவாகி முடிந்துவிடும்; ஆழமான காயம் பட்டாலொழிய ஆயுள் முழுக்க மாறாது. இன்று எடுத்தாலும் பத்து வருடம் கழித்து எடுத்தாலும் அதே அறிக்கைதான் வரும். விற்பவரும் இதைத்தான் பெருமையாகச் சொல்வார்: "மூடு மாறினாலும் ரிசல்ட் மாறாது சார், பிள்ளை ஏமாத்தவும் முடியாது." இரண்டும் உண்மைதான். பிள்ளையின் ரத்தப் பிரிவை வைத்துக் குரூப் ஒதுக்கினாலும் இதே பெருமையைப் பேசலாம்.

ரேகை எதற்கு ஏற்புடையது என்று ரேஷன் கடையிலேயே பார்க்கிறோம். ஆள் இவர்தான் என்று காட்ட அது போதும். இவர் கணக்கில் எப்படி வருவார், கணக்கைவிடப் பாட்டு இவருக்கு ஒத்துவருமா என்று சொல்ல அதற்கு ஒரு வழியும் இல்லை. சில பிறவிக் குரோமோசோம் கோளாறுகளில், டவுன் சிண்ட்ரோம் போன்றவற்றில், உள்ளங்கை ரேகை அமைப்பு மாறுபடுவது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். ரேகைகளைப் படிக்கும் அந்தத் துறைக்கு 1926-ல் ஹெரால்ட் கமின்ஸ் 'டெர்மட்டோகிளிஃபிக்ஸ்' என்று பெயர் வைத்தார். உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் 1983-ல் முன்வைத்த பல்வகை அறிவுக் கோட்பாடு இன்னொரு மூலையில் இருந்தது. ஒன்றின் பெயரையும் இன்னொன்றின் பட்டியலையும் சேர்த்துத் தைத்ததுதான் டிஎம்ஐடி. இந்திய மனநல மருத்துவர் சங்கமே இதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று அறிக்கை வெளியிட்டிருக்கிறது. அப்புறமும் ஆயிரக்கணக்கில் கொடுத்து எடுக்கிறார்கள். இதை நான் ஒப்பீட்டிலிருந்து இங்கேயே இறக்கிவிடுகிறேன்.

"ஆனா சார், என் பையனைப் பத்தி அச்சு அசலா சொல்லிடுச்சே" என்று ஒரு அப்பா கேட்பார். நியாயமான கேள்வி. 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் வகுப்பு மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்தார். பிறகு ஆளுக்கொரு அறிக்கை கொடுத்து, எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. அத்தனை பேர் கையிலும் இருந்தது ஒரே அறிக்கை. பெரும்பாலும் கடையில் விற்ற ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள். "உங்கள் பிள்ளைக்குத் திறமை இருக்கிறது, முழுதாகப் பயன்படுத்தவில்லை" என்ற வரியை மறுக்கும் பெற்றோரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆகவே "சரியா சொல்லிடுச்சு" என்பது சான்று ஆகாது. இந்தக் கட்டுரையில் வரும் மற்ற மூன்று சோதனைகளுக்கும் இது பொருந்தும்.

எம்பிடிஐ கைரேகை மாதிரி வெறும் ஜோடனை இல்லை. சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் யுங் 1921-ல் எழுதிய ஆளுமை வகைகளை அடிப்படையாகக் கொண்டு கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும் பல பத்தாண்டுகள் உழைத்து உருவாக்கியது. நான்கு ஜோடிகள், ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு பக்கம், மொத்தம் பதினாறு வகை. குறை வேறெங்கோ இருக்கிறது. உள்முகம், வெளிமுகம் என்று மனிதர்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்பதில்லை. பெரும்பாலோர் நடுவில்தான் இருக்கிறார்கள். நடுவில் ஒரு கோடு போட்டு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்றால், கோட்டருகே நிற்பவர் இரண்டு கேள்விக்கு வேறு மாதிரி பதில் சொன்னாலே எழுத்து மாறிவிடும். ஒரு எழுத்து மாறாமல் இருக்க 85 சதவீத வாய்ப்பு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நான்கும் சேர்ந்து மாறாமல் இருக்க, 0.85-ஐ நான்கு முறை பெருக்க வேண்டும். வருவது 0.52. அதாவது மறுபடி எழுதினால் ஏறத்தாழ பாதிப்பேருக்கு வேறு வகை. இது என் கணக்கு மட்டுமல்ல. ஐந்து வார இடைவெளியில் பாதிப்பேர் வரை வகை மாறியதாக ஆய்வு மதிப்பீடுகளும் சொல்கின்றன. வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று எம்பிடிஐ நடத்துபவர்களே சொல்கிறார்கள். வேலைக்கே ஆகாதது குரூப்புக்கு எப்படி ஆகும்? ஆசிரியர்கள் பயிற்சி நாளில் எழுதிப் பார்த்து அரட்டை அடிக்க நல்ல பொருள். காசு கொடுத்து வகுப்பு மொத்தத்துக்கும் வேண்டாம்.

ஆப்டிட்யூட் டெஸ்டுக்கு வந்தால்தான் உண்மையான போட்டி தொடங்குகிறது. சொல்வழிச் சிந்தனை, எண் திறன், உருவ வடிவத் திறன், இயந்திர அறிவு, விவரங்களைச் சரிபார்க்கும் வேகம் என்று தனித்தனிப் பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் நேரக் கட்டுப்பாடு. அமெரிக்காவில் 1947-ல் வந்த டிஃபரென்ஷியல் ஆப்டிட்யூட் டெஸ்ட்ஸ் இந்த வகைக்கு முன்னோடி. ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு சிபிஎஸ்இயும் என்சிஇஆர்டியும் சேர்ந்து கொண்டுவந்த 'தமன்னா' இதே குடும்பம்தான். பாஸ், ஃபெயில் கிடையாது, இதை வைத்து எந்தப் பாடத்தையும் பிள்ளைமேல் திணிக்கக் கூடாது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். ஒழுங்காகச் செய்த டெஸ்டுகளில் நம்பகத்தன்மை 0.80-க்கு மேலும், நல்ல பகுதிகளில் 0.90 அருகிலும் இருக்கும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த எண்ணை ஒரு பிள்ளையின் அறிக்கை மேல் வைத்துப் பாருங்கள். எண் திறன் 58, சொல்வழி 52 என்று இருக்கிறது. சராசரி 50, திட்ட விலக்கம் (மார்க்குகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 10 என்ற வழக்கமான அளவுகோல். அறிக்கை "எண் திறன் வலுவானது, சொல் திறன் சுமார்" என்று எழுதியிருக்கும். நம்பகத்தன்மை 0.84 என்றால் அளவீட்டுப் பிழை 10 பெருக்கல் 0.16-இன் வர்க்கமூலம், அதாவது 4. இந்த மாதிரி இடைவெளி போட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை உண்மையான மதிப்பெண் அதற்குள் அடங்கும் என்று சொல்ல, இரண்டு பக்கமும் எட்டு எட்டுப் புள்ளி விட வேண்டும். 58 என்பது 50 முதல் 66 வரை எதுவாகவும் இருக்கலாம். 52 என்பது 44 முதல் 60 வரை. இரண்டு மதிப்பெண்ணை ஒப்பிடும்போது பிழை இன்னும் கூடும்: இரண்டு பிழையின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 5.7, வித்தியாசம் 11 புள்ளிக்கு மேல் இருந்தால்தான் ஏதோ இருக்கிறது என்று சொல்லலாம். நம்பகத்தன்மை 0.91 ஆக இருந்தாலும் எட்டுக்கு மேல் வேண்டும். நம் பிள்ளைக்கு ஆறுதான். எண்ணும் சொல்லும் சமம் என்பதே நேர்மையான அறிக்கை. அப்படி எழுதினால் யார் வாங்குவார்கள்?

ஏற்புடைமையில் இந்த வகைக்கு ஒரு பழைய சங்கடம் உண்டு. தனித்தனித் திறன் என்று பெயர் இருந்தாலும் பகுதிகள் ஒன்றோடொன்று நெருங்கியே நகர்கின்றன. பள்ளிப் பாடங்களில் மார்க் எவ்வளவு வரும் என்று ஊகிக்க, சொல்வழியும் எண் திறனும் சேர்ந்த கூட்டு மதிப்பெண்ணே பெரும்பாலும் போதுமாக இருந்திருக்கிறது, அறிவியலானாலும் வரலாறானாலும். மொத்தத்தில் நன்றாகப் படிக்கும் பிள்ளையா என்று சொல்லும். காமர்ஸா பயாலஜியா என்று பிரித்துச் சொல்ல அதனிடம் அவ்வளவு பலம் இல்லை. நமக்குத் தேவையோ அந்தப் பிரிப்புதான்.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் சொல்வழிச் சோதனை வைத்தால் அளக்கப்படுவது ஆங்கிலம். எண் திறன் பகுதியிலும் வாக்கியக் கணக்கு வந்தால் அதே கதை. இந்தப் பிள்ளைக்கு மறுபடி வைத்தாலும் அதே குறைந்த மார்க்தான் வரும். நம்பகத்தன்மை கெடாது, ஏற்புடைமைதான் கெடும். தமிழில் மொழிபெயர்த்துவிட்டோம் என்பார்கள். மொழிபெயர்த்த பிறகு தமிழ்வழிப் பிள்ளைகளிடம் வைத்துப் புதிதாக நார்ம்ஸ், அதாவது ஒரு மார்க்கை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகள், எடுத்தார்களா என்று கேளுங்கள். நகரத்துப் பள்ளிகளில் எடுத்த நார்ம்ஸை வைத்து ஒரு கிராமத்துப் பிள்ளையை "சராசரிக்குக் கீழ்" என்று எழுதுவது அளவீடே இல்லை. இதற்கெல்லாம் விடை டெஸ்டோடு வரும் மேனுவலில், அதாவது கையேட்டில், இருக்க வேண்டும். மேனுவலைக் காட்ட மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

இப்போது பீரோவைத் திறப்போம். ஒன்பதாவது, பத்தாவது இரண்டு வருடத்தில் காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு, ரிவிஷன் டெஸ்ட் என்று ஒரு பிள்ளை கணக்கில் எத்தனை தேர்வு எழுதியிருக்கும்! ஸ்பியர்மனும் பிரவுனும் 1910-ல் தந்த சூத்திரம் ஒன்று உண்டு: தேர்வைப் பெருக்கப் பெருக்க நம்பகத்தன்மை ஏறும். தனியாக 0.70 உள்ள ஒரு கணக்குத் தேர்வை அதே தரத்தில் மூன்று முறை வைத்துச் சராசரி எடுத்தால் 0.87-ஐத் தாண்டிவிடும். கால் மணி, அரை மணி நேரத்தில் முடியும் ஆப்டிட்யூட் பகுதி இதோடு போட்டி போட வேண்டும். பதினோராம் வகுப்புக் கணக்கு எப்படிப் போகும் என்பதற்குப் பத்தாம் வகுப்புக் கணக்கைவிட நெருக்கமான முன்னோட்டம் எது?

மார்க்குக்கும் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. புக் பேக் கேள்விகளை அப்படியே உருப்போட்டு எண்பது வாங்கும் பிள்ளையும், தெரியாத கணக்கைத் திறந்து முட்டி மோதி எண்பது வாங்கும் பிள்ளையும் ரெஜிஸ்டரில் ஒன்றுதான். பதினோராம் வகுப்பு வந்ததும் இருவரும் வெவ்வேறு பாதையில் போவார்கள். கணக்கு ஆசிரியருக்கு இது நன்றாகத் தெரியும். அவரைக் கூப்பிட்டு, "பாடத்தில் இல்லாத கணக்கு கொடுத்தால் இவன் என்ன பண்றான்?" என்று ஒரு வார்த்தை கேட்டால், அறிக்கையின் பல பக்கங்களில் கிடைக்காத செய்தி கிடைக்கும். ஆகவே ஆப்டிட்யூட் டெஸ்ட் வாங்குபவர் கேட்க வேண்டியது, இது நல்ல டெஸ்டா என்பதைவிட, எங்களிடம் ஏற்கெனவே இருக்கும் மார்க்குக்கு மேல் இது என்ன புதிதாகச் சொல்லும் என்பதே. பெரும்பாலான பிள்ளைகளுக்கு விடை, அதிகம் இல்லை. சிலருக்கு மட்டும் நிறைய: வருடத்தில் பாதி உடம்பு சரியில்லாமல் போனவர், வேற்று மாநிலத்திலிருந்து வந்து மொழியில் தடுமாறுபவர், எழுத்தில் சிக்கல் இருந்தும் வாயால் அழகாக விடை சொல்பவர். இவர்களுடைய மார்க் இவர்களை அளக்கவில்லை.

கடைசியாக ஆர்வப் பட்டியல். ஜான் ஹாலண்ட் 1959-ல் தொடங்கிய கோட்பாடு: கையால் செய்வது, ஆராய்வது, கலை, பிறருக்கு உதவுவது, ஆளைத் திரட்டி நடத்துவது, ஒழுங்காகப் பதிவு வைப்பது என்று ஆறு பக்கம். காசு கொடுக்க வேண்டியதில்லை. அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓ-நெட் தளத்தில் அறுபது கேள்விப் பட்டியல் ஆங்கிலத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைத்தான் சிலர் அட்டை மாற்றி விற்கிறார்கள் என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

நம்பகத்தன்மை இதற்கு நன்றாகவே வரும். ஆனால் ஒரு மாத இடைவெளியில் மாறாதது மூன்று வருடத்தில் மாறலாம். 2005-ல் வெளியான, நீண்டகால ஆய்வுகள் 66-ஐத் தொகுத்த அலசல் ஒன்று, பதின்வயதில் ஆர்வங்கள் ஓரளவு நிலையாக இருந்தாலும் பதினெட்டுக்கு மேல், கல்லூரிப் பருவத்தில்தான் நிலைப்பு சட்டென்று கூடுகிறது என்று காட்டியது. நாம் குரூப் கேட்பது பதினைந்து வயதில். ஏற்புடைமையிலும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. ஆர்வத்துக்கேற்ற வேலை கிடைத்தால் திருப்தி வரும் என்று எல்லாரும் சொல்கிறோம். 2020-ல் வந்த ஒரு தொகுப்பாய்வில் அந்தத் தொடர்பின் அளவு 0.19 மட்டும்தான் (முழுத் தொடர்பு என்றால் 1). 1998-ல் இந்தியாவில் வேலை பார்ப்பவர்களிடம் ஹாலண்ட் கோட்பாட்டைப் பரிசோதித்தபோது, ஆர்வப் பொருத்தம் வேலைத் திருப்தியை முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஏன் என்று பட்டியலைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து நிரப்பினால் புரியும். செங்கல் அல்லது டைல் பதிப்பது பிடிக்குமா என்று ஒரு கேள்வி. அமெரிக்கப் பிள்ளைக்கு அது கைவேலை பற்றிய கேள்வியாக இருக்கலாம். நம் பிள்ளை அதைப் படித்ததும் முகம் சுளிக்கும், அல்லது சிரிக்கும். கொத்தனார் மகன் என்றால் பக்கத்துப் பெஞ்சைத் திரும்பிப் பார்ப்பான். அங்கே அளக்கப்படுவது அந்தஸ்து. பெண்பிள்ளைகளிடம் மின்சாதனம் பழுது பார்ப்பது பற்றிக் கேட்டால் "பிடிக்காது" என்று டிக் விழும். வீட்டில் மிக்ஸியைத் திறக்க அவளை யாராவது விட்டிருந்தால்தானே பிடிக்குமா என்று தெரியும்.

இத்தனை சொன்ன பிறகும் நான்கில் ஒன்றைத்தான் எடுக்கச் சொன்னால் நான் இந்தப் பட்டியலைத்தான் எடுப்பேன். காரணம், தப்பாகப் போனாலும் இது அதிகம் கெடுக்காது. "உன்னால் முடியாது" என்று அது சொல்வதில்லை. பிள்ளையிடம் பேச ஒரு தொடக்கம் கொடுக்கிறது: "பேங்க் வேலைக்கு இவ்வளவு மார்க் போட்டிருக்கே, யாரைப் பார்த்துப் பிடிச்சுது?" மதிப்பெண்ணைப் பிள்ளைக்குக் காட்டாமலே கூட இந்தப் பேச்சை நடத்தலாம்.

ஆகப் பள்ளிகளுக்கு நான் சொல்வது இது. வகுப்பு மொத்தத்துக்கும் எதையும் காசு கொடுத்து வாங்காதீர்கள். எல்லாருக்கும் இரண்டு வருட மார்க், பாட ஆசிரியரின் ஒரு பத்திக் குறிப்பு, இலவச ஆர்வப் பட்டியல், ஆலோசகரோடு அரை மணி நேரப் பேச்சு. மார்க் அளக்காத அந்தச் சில பிள்ளைகளுக்கு மட்டும், மேனுவலும் தமிழ் நார்ம்ஸும் உள்ள ஆப்டிட்யூட் டெஸ்ட். அதைப் பயிற்சி பெற்ற உளவியலாளர் தனியாக உட்கார்ந்து வைக்க வேண்டும், கம்ப்யூட்டர் லேபில் கூட்டமாக அல்ல. அறிக்கையில் ஒற்றை எண் வேண்டாம், இடைவெளியோடு எழுதித் தரச் சொல்லுங்கள்.

பிறகு பிழை எந்தப் பக்கம் விழுந்தால் எவ்வளவு செலவு என்றும் பார்க்க வேண்டும். பயோ-மேத்ஸ் எடுத்தவர் பின்னால் பி.காம். போகலாம், காமர்ஸ் எடுத்தவர் அந்தப் பாடங்களை மட்டும் வைத்து நீட் எழுதவோ பி.இ. சேரவோ முடியாது. பத்தாவது முடித்து பாலிடெக்னிக் போனவருக்கு டிப்ளமோவுக்குப் பின் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர வழி இருக்கிறது, பலர் இதை மறந்துவிடுகிறார்கள். அதற்காக எல்லாரையும் முதல் குரூப்பில் தள்ளினால் இரண்டு வருடம் கணக்கோடு மல்லுக்கட்டிப் பிள்ளை நொந்துபோகும், அதுவும் செலவுதான். கணக்கு மார்க் இரண்டு வருடமும் தொடர்ந்து கீழே, ஆசிரியரும் அதையே சொல்கிறார் என்றால் தயங்க வேண்டாம். மார்க்கும் டெஸ்டும் பிழை இடைவெளிக்குள் நடுவில் ஊசலாடினால், கதவை மூடாத குரூப்பையும் பிள்ளை கேட்கும் குரூப்பையும் மட்டும் மேசைமேல் வையுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் கொடுத்துவிடலாம். வேறாக இருந்தால், சேர்க்கைக்கு முன்னால் பதினோராம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் பாடத்தைப் பிள்ளையிடம் கொடுத்து ஒரு வாரம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எடுக்கப்போகும் முடிவுக்கு இதைவிட ஏற்புடைய சோதனையை நான் இதுவரை எந்த விற்பனையாளர் பையிலும் பார்க்கவில்லை.